இரவிலே புறப்பட்ட குடும்பம்



நம் இல்லங்களில் திருக்குடும்பத்தின் படம் மாட்டாத வீடு அரிது. சூசையப்பர் தச்சுப் பட்டறையில் இழைப்புளி பிடித்து நிற்க, தேவதாய் நூல் நூற்க, பாலன் இயேசு அருகே விளையாடும் அந்தப் படத்தைக் கண்டால் மனத்தில் அமைதி பிறக்கிறது. அதே குடும்பத்திற்கு வேறொரு படமும் உண்டு. அதை நாம் சுவரில் மாட்டுவதில்லை. நள்ளிரவு; வழியெல்லாம் இருள்; தாயின் மார்பில் உறங்கும் குழந்தை; பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தவாறு நடக்கும் ஒரு மனிதர். திருக்குடும்பம் என்று நாம் வணங்குவது, உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது இரவோடு இரவாக ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பத்தையே.

இம்மாதம் அந்த இரண்டாவது படத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், நம் பங்குகளில் சில வீடுகளில் ஏரோது தொலைவிலுள்ள அரண்மனையில் இல்லை. அதே கூரையின் கீழ், அதே பாயில் படுத்திருக்கிறான்.

என் பிழை

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் பணிபுரிந்த காலம். ஒரு நாள் மாலை, ஜெபமாலை முடிந்து எல்லோரும் சென்றபின், ஒரு சகோதரி குருமனை வாசலில் தயங்கி நின்றார். கோடை வெயிலிலும் முழங்கை மறையும் இரவிக்கை அணிந்திருந்தார். “சாமி, இனிமேல் என்னால் முடியாது. நேற்று என் கழுத்தைப் பிடித்துவிட்டார்” என்றார்.

நான் அறிந்த மறுமொழியைச் சொன்னேன். திருமணம் ஓர் அருட்சாதனம் என்றேன். கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்றேன். கோபக்காரக் கணவனைப் பொறுமையால் வென்ற புனித மோனிக்கம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் உபதேசியாரை அனுப்பிக் கணவரை வரவழைத்தேன். அவர் கைகட்டி நின்று கேட்டார், கண்ணீர் விட்டார், மன்னிப்பும் கேட்டார். இருவர் கைகளையும் பீடத்தின் முன் சேர்த்துவைத்து ஆசீர்வதித்து அனுப்பினேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு அன்று உணவருந்தினேன்.

நான்காம் நாள் அச்சகோதரி அரசு மருத்துவமனையில் இருந்தார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக மருத்துவரிடம் சொல்லியிருந்தார். என்மீது அவர் குறை கூறவில்லை. “நான் உங்களிடம் வந்ததை மட்டும் அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சாமி” என்றார்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிறு திருப்பலியில் அவரும் அவருடைய இரு பிள்ளைகளும் காணப்படவில்லை. கன்னியர் மடத்துத் தலைவியும், அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவரும் பல வாரங்கள் முன்னேற்பாடு செய்து, அவரைப் பாதுகாப்பான ஓரிடத்தில் சேர்த்திருந்தனர். பங்குக் குருவாகிய எனக்கு அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலில் வருந்தினேன். பிறகு, என்னிடம் சொல்லாமல் விட்ட அவர்களுடைய விவேகத்திற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

திருச்சபை உரைப்பது என்ன?

நான் அன்று மறந்தது எனக்குத் தெரியாத சட்டமன்று. குருமடத்தில் தேர்வெழுதித் தேறிய சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் எண் தெளிவாக உரைப்பது இது: தம்பதியரில் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ மனத்திலோ உடலிலோ பெருத்த ஆபத்தை விளைவித்தால், அல்லது கூடிவாழ்வதை மிகக் கடினமாக்கினால், மற்றவர் பிரிந்து செல்ல நியாயமான காரணம் உண்டு. ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதித்தால் ஆபத்து எனில், தம் சொந்தப் பொறுப்பிலேயே பிரியலாம். இது இக்காலத்தார் புகுத்திய சலுகையன்று. 1917-ஆம் ஆண்டின் பழைய தொகுப்பிலும் இதே அனுமதி இருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் குடும்பத்தைப் பற்றி விடுத்த திருத்தூது ஊக்கவுரையில், சில வேளைகளில் பிரிந்து செல்வது அறநெறிப்படி அவசியமும் ஆகும் என்று கற்பித்தார்.

இவ்வாறு பிரிந்து வாழ்பவரின் திருமண உறவு அறுந்துவிடுவதில்லை. அவர் பாவியும் அல்லர். பிரிந்து வாழ்கிறார் என்ற ஒரே காரணத்திற்காக நற்கருணை வாங்க அவருக்கு எத்தடையும் இல்லை. இதை அறியாமல் நற்கருணை வரிசையில் நிற்க அஞ்சிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். அவர்கள் தலைநிமிர்ந்து முன்வரட்டும்.

புனித மோனிக்கம்மாளைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய மகன் புனித அகுஸ்தீனார் தம் நூலில் எழுதியிருப்பதை நாம் முழுமையாகப் படிப்பதில்லை. தந்தை பத்ரீசியுஸ் கடுங்கோபக்காரர் என்பது உண்மை. ஆனால் அவர் தம் மனைவியை அடித்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை என்றும், அது கண்டு ஊர்ப் பெண்கள் வியந்தனர் என்றும் அவரே எழுதியுள்ளார். அடிபடும் பெண்ணுக்கு அடிபடாத புனிதையை எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. சிலுவையைச் சுமக்கச் சொன்ன ஆண்டவரும், நாசரேத்தூரார் தம்மை மலையுச்சியிலிருந்து தள்ள முயன்றபோது அவர்கள் நடுவே நடந்து அகன்றார். கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார். தம் வேளை வந்தபோது தாமே விரும்பி ஏற்றதே அவருடைய சிலுவை. கணவனின் கைமுட்டியைச் சிலுவை என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.

சூசையப்பர் காட்டிய வழி

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மெல்லப் படித்துப் பாருங்கள். ஆபத்திலிருந்து எவ்வாறு வெளியேற வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு முறையே அமைந்திருக்கிறது.

முதலாவது, சூசையப்பர் புறப்படப் போவதாக யாருக்கும் அறிவிக்கவில்லை. பகை தூங்கும் நேரத்தில் எழுந்து சென்றார். துன்புறுத்தும் கணவரிடம், “நான் போகிறேன்” என்று சண்டையின் நடுவே சொல்வது மிகவும் ஆபத்தானது. தன் பிடி தளர்கிறது என்று அத்தகையவன் உணரும் வேளையில்தான் கொடுமை உச்சத்தை எட்டுகிறது. புறப்படும் நாளும், புறப்பட்ட பின்வரும் சில மாதங்களும் விழிப்போடு இருக்கவேண்டிய காலம். ஆகவே கோபத்தில் புறப்படாதீர்கள், ஏற்பாட்டோடு புறப்படுங்கள். அவர் வேலைக்கோ வெளியூருக்கோ சென்றிருக்கும் நேரமே தக்க நேரம்.

ஆயினும் சில அடையாளங்கள் தென்பட்டால் ஏற்பாடு முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கழுத்தை நெரித்தல், கொன்றுவிடுவேன் என்று ஆயுதம் காட்டுதல், கருவுற்றிருக்கும்போது அடித்தல், நீ போனால் உன்னையும் பிள்ளைகளையும் கொன்று நானும் சாவேன் என்று மிரட்டுதல் ஆகியவை அவை. இவை நேர்ந்தால் அன்றே உதவி தேடுங்கள். கழுத்து நெரிக்கப்பட்டவர், வெளியே காயம் தெரியாவிடினும், அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். என்னிடம் வந்த சகோதரி முதற் சொல்லிலேயே கழுத்தைப் பற்றிச் சொன்னார். அதன் பொருளை நான் அறியவில்லை.

இரண்டாவது, அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஞானிகள் படைத்த பொன் வழிச்செலவுக்கு உதவியிருக்கும் என்று பெரியோர் கருதுவர். ஒரு சிறு பையை வீட்டுக்கு வெளியே, நம்பத்தக்க ஒருவரிடம் முன்னதாகவே ஒப்படைத்து வைக்கலாம். அதில் ஆதார் அட்டை, குடும்ப அட்டையின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றுகள், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள், அன்றாடம் உண்ணும் மருந்துகள், மாற்றுடை, சிறிது பணம் ஆகியவை இருக்கட்டும். மூலப் பத்திரங்களை எடுத்தால் சந்தேகம் எழும் என்றால் நகல்களே போதும். ஞானஸ்நானச் சான்றிதழுக்காகவோ திருமணச் சான்றிதழுக்காகவோ யாரும் உயிரைப் பணயம் வைத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். அவற்றின் மூலப் பதிவேடுகள் பங்குக் கோவிலில் உள்ளன. கேட்டால் மறுபடி எழுதித் தருவோம்.

மகளிர் குழுச் சேமிப்போ அஞ்சலகக் கணக்கோ உங்கள் பெயரில் தனியே இருப்பது நன்று. வங்கியின் குறுஞ்செய்திகள் யாருடைய கைப்பேசிக்குச் செல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் வசதி இன்றைய கைப்பேசியில் உண்டு. இரண்டு தொலைபேசி எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; இரகசியப் பேச்சுக்கு நம்பகமான வேறொருவரின் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, பிறக்கும் ஆபத்தை முன்னுணர்ந்து நடக்கவேண்டும். சண்டை மூளும்போது அரிவாள்மனையும் அடுப்பும் உள்ள சமையலறைக்குள் செல்லாதீர்கள். வெளியேற வழியில்லாத அறைக்குள்ளும் செல்லாதீர்கள். வாசலை ஒட்டியே இருங்கள். அச்சகோதரிக்கும் அடுத்த வீட்டு மூதாட்டிக்கும் இடையே ஓர் அடையாளச் சொல் இருந்ததாகப் பின்னர் அறிந்தேன். இரவு நேரத்தில் “பாட்டி, கறிவேப்பிலை இருக்கிறதா?” என்று குரல் வந்தால், மூதாட்டி உடனே காவல் நிலையத்திற்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகளுக்கு, நடுவில் புகுந்து தடுக்க வேண்டாம், பாட்டி வீட்டுக்கு ஓடிவிடுங்கள் என்று மட்டும் கற்பித்திருந்தார். புறப்படும் திட்டத்தைச் சிறுவர்களிடம் சொல்லவில்லை. இரகசியத்தைச் சுமக்கும் பாரத்தைக் குழந்தையின் தலையில் வைக்கலாகாது.

நான்காவது, ஏரோதின் கை எட்டாத இடத்திற்குச் சென்றார்கள். தாய் வீடு இனியதுதான்; ஆனால் அவன் முதலில் தேடிவருவதும் அங்கேதான். பெண்கள் உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம், உடனடி ஆபத்தில் 112, பிள்ளைகளுக்கு 1098. மாவட்டங்களில் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உள்ளன. சில நாள் தங்க இடமும், மருத்துவ உதவியும், காவல், சட்ட உதவியும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

வீட்டைவிட்டு வெளியேறினால் உரிமையெல்லாம் போய்விடும் என்று பலர் அஞ்சி அடிபட்டுக்கொண்டே இருக்கின்றனர். அது தவறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு; வெளியேறிய பின்னும் அவ்வுரிமையைக் கோரலாம். பாதுகாப்பு ஆணை, பராமரிப்புத் தொகை, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் ஆணை ஆகியவற்றை நீதித்துறை நடுவரிடம் கேட்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சீட்டில் எழுதப்பட்டால், பிற்பாடு நீதிமன்றத்தில் அந்தச் சீட்டு உங்களுக்குத் துணை நிற்காது. விட்டுவந்த பொருள்களை எடுக்க ஒருபோதும் தனியே செல்லாதீர்கள். காவலர் துணையோடு செல்லுங்கள்.

அறிந்தவர்களின் கடமை

கீழ்த்திசை ஞானிகளிடம் ஏரோது என்ன சொன்னான்? குழந்தை இருக்குமிடத்தைத் தனக்குத் தெரிவிக்கும்படியும், தானும் சென்று வணங்க விரும்புவதாகவும் சொன்னான். எவ்வளவு பக்தி நிறைந்த சொற்கள்! மனைவி பிரிந்து சென்ற மறுவாரம், கண்ணீரோடு உறவினர் வீடுகளுக்கும் குருமனைக்கும் வந்து, “பிள்ளைகள் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கெஞ்சும் குரலில் நான் அச்சொற்களைக் கேட்டிருக்கிறேன். ஞானிகள் மறுவழியாக ஊர் திரும்பினர். ஞானம் என்பது சில வேளைகளில் வாய் திறவாமையே.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகள் அழுதுகொண்டு வந்தால், “நாலு பேர் என்ன சொல்வார்கள்? தங்கைக்கு வரன் அமைய வேண்டாமா?” என்று அவளை அடுத்த பேருந்தில் ஏற்றி அனுப்பாதீர்கள். அந்த நாலு பேர் அவள் அடக்கத்திற்கும் வருவார்கள். அன்று அவர்கள் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு ஆறுதலாகாது. அன்பியக் கூட்டத்தில் ஒரு வீட்டின் துயரை ஜெபக் கருத்து என்ற பெயரில் பகிரங்கப்படுத்தாதீர்கள். அடுத்த வீட்டில் கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று அச்சட்டமே காக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையாரே, பேருந்துக் கட்டணமும் ஒரு மாத வாடகையும் ஓர் உயிரின் விலையாக இருக்கக்கூடும். என் உடன் குருக்களுக்கும் தாழ்மையோடு சொல்கிறேன்: இத்தகைய வீடுகளில் கணவரை அழைத்து விசாரிக்க அவசரப்படாதீர்கள். வந்தவரின் சொல்லை நம்புங்கள். அவர் வந்ததையே மறைத்துக் காப்பாற்றுங்கள்.

மனைவியால் துன்புறும் கணவரும் இல்லாமல் இல்லை. திருச்சபைச் சட்டம் இருவருக்கும் ஒன்றே.

கைநீட்டும் சகோதரருக்கு ஒரு சொல். கணவர்கள், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல மனைவியை நேசிக்கவேண்டும் என்று புனித சின்னப்பர் எழுதியதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. மனைவி பணிய வேண்டும் என்ற வரியோடு புத்தகத்தை மூடிவிடாதீர். ஒப்புரவு அருட்சாதனம் உமக்கு உண்டு. குடிநோய்க்கு மருத்துவமும் உண்டு. ஆனால் மனமாற்றம் என்பது ஒரு நாள் கண்ணீரன்று; நீண்ட காலம் நடந்து காட்டவேண்டியது.

ஏனெனில் திரும்பி வருவதற்கும் நற்செய்தியில் ஒரு முறை உண்டு. ஏரோது இறந்தான் என்று அறிந்தபின்னரே சூசையப்பர் புறப்பட்டார். அப்போதும், யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேட்டதும் அங்கே போக அஞ்சிக் கலிலேயாவுக்குச் சென்றார். ஆபத்து முற்றும் நீங்கினால் மீண்டும் கூடிவாழவேண்டும் என்பது திருச்சபையின் விருப்பமே. அச்சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் ஆபத்து நீங்கிற்றா என்று நன்கு விசாரித்தறிவது அவிசுவாசமன்று.

இறுதியாக ஒன்று. இந்த இதழ் உங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லார் கையிலும் புரளும். இக்கட்டுரை உங்களுக்கே எழுதியதுபோல் தோன்றினால், இப்பக்கத்தின் நுனியை மடிக்காதீர்கள். எண்ணைக் கோடிட்டு வைக்காதீர்கள். 181 என்ற எண்ணை மனத்தில் எழுதிக்கொண்டு இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

எகிப்து நாட்டில் திருக்குடும்பத்திற்குக் கதவு திறந்துவிட்ட வீடு எது? நற்செய்தி அவ்வீட்டாரின் பெயரைச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தீர்கள், ஏன் ஓடிவந்தீர்கள் என்று துருவிக் கேளாமல், களைத்து வந்த தாய்க்கு ஒரு செம்பு நீரும் குழந்தைக்கு ஒரு பாயும் கொடுத்த யாரோ சிலர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர்கள் அன்று ஏற்றுக்கொண்டது யாரை என்று அவர்களுக்கே தெரிந்திராது. உங்கள் கதவும் ஓர் இரவில் தட்டப்படலாம். அப்போது அதைத் திறக்கும் துணிவை இறைவன் உங்களுக்கு அருள்வாராக.

உங்கள் பங்குத் தந்தை